காய்க்காத எலுமிச்சை

அங்கயே வை. உள்ள கொண்டு வராதே. பால்கனிக்கும் வேணாம், செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துலயே இருக்கட்டும். ஏன்னா கேக்குறே? குனிஞ்சு பாரு. இலைக்காம்பு தண்டோட சேர்ற இடத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கே, அதை என்னன்னு நினைச்சே, தூசின்னா? மாவுப்பூச்சி. இதைத் தூக்கிக்கிட்டு ஒரே ஒரு தடவை என் பால்கனிக்குள்ள வந்தேன்னா போதும், செம்பருத்தி, கத்திரி, மிளகான்னு எல்லாத்துலயும் ஏறிக் குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும். புதுசா வாங்கின செடியை ரெண்டு மூணு வாரம் தனியா வச்சுப் பாத்துட்டுத்தான் மத்ததோட சேர்க்கணும். அதுகூடத் தெரியாம எலுமிச்சைச் செடி வாங்கிட்டு வந்திருக்கே. அதுவும் எனக்கு.

உக்காரு. நிக்க வச்சே பேசி அனுப்பினாங்கன்னு நாளைக்கு என் தம்பிகிட்ட சொல்லுவே. அந்தப் பேப்பரை மிதிச்சிடாதே, மண் கலந்து காயப் போட்டிருக்கேன். தண்ணி வேணும்னா ஜக்குல இருக்கு, நீயே ஊத்திக்கோ. இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாததா என்ன.

ஒரு செடிக்காகவா அண்ணி ரெண்டு மாசமா என்கூடப் பேசாம இருக்கீங்கன்னு கேக்குறே. கேளு. எல்லாரும் அதான் கேக்குறாங்க. என் தம்பி கேட்டான். இவர் காலையில காப்பி டம்ளரைக் கீழ வைக்கும்போதெல்லாம் கேக்குறார். என் பொண்ணு அங்கேருந்து குழந்தையை மடியில போட்டுக்கிட்டு, ஏம்மா, ஒரு எலுமிச்சைக்குப் போய் மாமிகூடச் சண்டை போடுறியேன்னு சிரிக்கிறா. சிரிக்கட்டும். செடிப் பைத்தியம்னு பேர் வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்ப என்ன புதுசா குறைஞ்சிடப் போகுது.

என் தம்பிக்குச் சோறு இறங்கலையாமே. அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டா அவனுக்கு அப்படித்தான் ஆகும், சின்ன வயசுலேருந்தே. அதனாலதான் நீ வந்திருக்கே. அவன் அனுப்பி வச்சான், நீ கிளம்பி வந்தே. தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு. ஓ, நீயாவே வந்தியா. சரி, வச்சுக்கலாம்.

சமாதானமாப் போயிடலாம்னு சொல்றே. போறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், அதுக்கு நீ என்ன பதில் சொல்றேன்னு பாக்கணும். அதுக்கப்புறம் இந்த வீட்டு வாசப்படியை நீ மிதிக்கலாமா கூடாதான்னு சொல்றேன். இரு, எடுத்த எடுப்புல கேக்க மாட்டேன். முதல்ல நான் சொல்றதைக் கேளு. ரெண்டு மாசமா வாயை மூடிக்கிட்டிருந்தவ பேசுறேன், நடுவுல பூசி மெழுகாதே.

அந்த எலுமிச்சை எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? என் பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம். பழத்தைப் பிழிஞ்சுட்டு விதையைக் குப்பையில கொட்டப் போனேன். அம்மாதான் அதுல ஒண்ணை எடுத்து ஒரு தயிர் டப்பாவுல ஊனினாங்க. இதெல்லாம் முளைக்காதும்மான்னேன். முளைச்சுது. டப்பாவுலேருந்து சின்னத் தொட்டி, சின்னத் தொட்டியிலேருந்து பெரிய தொட்டி. அவ படிச்சு முடிச்சா, வேலைக்குப் போனா, கல்யாணம் ஆச்சு, வயித்துல பிள்ளையும் வந்துச்சு. இது ஒரு பூ பூக்கலை. விதையிலேருந்து வர்ற எலுமிச்சை அப்படித்தான், வருஷக்கணக்கா இழுத்தடிக்கும். முள்ளு மட்டும் விரல் நீளத்துக்கு வளர்த்து வச்சிருந்துச்சு. கிட்டப் போனாக் கையைக் கிழிக்கும். வர்றவங்கல்லாம் இதைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற வைங்க, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு புத்தி சொல்லுவாங்க. நாங்க விடலை. தினம் காலையில அதுக்கு எதிர்ல உக்காந்து நானும் அம்மாவும் அதைத் திட்டுவோம். தின்னுட்டுத் தின்னுட்டு நிக்கிறியே, வெக்கமா இல்லையான்னு அவங்க ஆரம்பிப்பாங்க, நான் முடிப்பேன். அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு. வயசான அம்மாவும் வயசாகிக்கிட்டிருக்கிற பொண்ணும் ஒரே வீட்டுல இருந்தா வேற என்ன பேசுவாங்க?

பொண்ணு பிரசவத்துக்காக நான் வெளிநாடு கிளம்பும்போது அம்மாவையும் செடியையும் உன்கிட்ட விட்டேன். மனசோட விடலை, வேற வழியில்லாம விட்டேன். இவரும் என்கூட வந்துட்டார். அம்மாவால ஃப்ளைட்டுல அவ்வளவு நேரம் உக்கார முடியாது. என் தம்பி வேலை விஷயமா ஊர் ஊராச் சுத்துறவன். மிச்சம் நீதான். நானே வந்து தங்குறேன் அண்ணின்னு நீதான் சொன்னே, இல்லைன்னு சொல்லலை.

கிளம்புற அன்னிக்கு உன்னைப் பால்கனிக்கு இழுத்துட்டுப் போய் ஒவ்வொரு தொட்டியாக் காட்டினேன். நேரம் பாத்துத் தண்ணி ஊத்தாதே, மண்ணைப் பாத்து ஊத்துன்னு சொன்னேன். விரலை ரெண்டு கணு வரைக்கும் மண்ணுக்குள்ள விடு, காய்ஞ்சிருந்தா ஊத்து, ஈரம் தட்டுப்பட்டா அந்தப் பக்கமே போகாதேன்னேன். உன் விரலைப் பிடிச்சு நானே மண்ணுக்குள்ள வச்சும் காட்டினேன். நகத்துக்குள்ள அழுக்குப் போச்சுன்னு நீ மூஞ்சியைச் சுளிச்சே. அம்மா ரூம் வாசல்ல நின்னு அதைப் பாத்துச் சிரிச்சாங்க.

அப்புறம் நீ பண்ணினது என்ன? காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. கீழ் வீட்டு டீச்சர் சொன்னாங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப எங்க ஜன்னல்ல தினம் மழைதான்னு. இலை மஞ்சளாச்சு. மஞ்சளானா என்ன பண்ணணும், ஊத்துறதை நிறுத்தணும். நீ, பாவம் தாகமா இருக்குன்னு இன்னொரு வாளி ஊத்தினே. தரை அழுக்காகக் கூடாதுன்னு தொட்டிக்கு அடியில பிளாஸ்டிக் தட்டு வேற. ஓட்டை வழியா வடியிற தண்ணி அந்தத் தட்டுலயே நின்னா வேர் எப்படி மூச்சு விடும்? நீ சொல்லு, உன்னைக் கழுத்தளவு தண்ணியில நிக்க வச்சு, இந்தா குடி குடின்னா நீ செழிச்சிடுவியா? வீட்டுல செடி வைக்கிறவங்க காய விட்டுக் கொன்னதைவிட ஊத்திக் கொன்னதுதான் ஜாஸ்தி. காய்ஞ்சதைக்கூட எப்படியாவது பிழைக்க வைக்கலாம். வேர் அழுகினா அவ்வளவுதான்.

அதோட விட்டியா? யாரோ ஒருத்தி வீடியோவுல சொன்னான்னு பால் ஊத்தினே. சக்கரை போட்ட டீத்தூளை அப்படியே கொட்டினே. வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, வெங்காயத் தோல், எல்லாம் தொட்டி மேலயே போட்டு மூடி வச்சிருந்தே. அது உரம் இல்லம்மா, அது குப்பைத் தொட்டி. மக்கினாத்தான் உரம். மக்காம வேர்கிட்டப் போய்ச் சூடு கிளப்பும், எறும்பு வரும், பூஞ்சை வரும். மிளகாச் செடி இலை சுருண்டிருக்குன்னு உச்சி வெயில்ல வேப்பெண்ணெய் அடிச்சே பாரு, மொத்த இலையும் பொரிஞ்சு போச்சு. வெயில் இறங்கினப்புறம் அடிக்கணும், நாலு சொட்டு சோப்புத் தண்ணி சேர்த்து இலைக்கு அடியில அடிக்கணும். பூச்சி மேல உக்காந்து உனக்கு டாட்டா காட்டுமா, அடியிலதான் ஒளிஞ்சிருக்கும். இதுல புதினா ஒண்ணுதான் துணி காயப் போடுற கம்பிக்குப் பின்னால இருந்ததால உன் கண்ணுல படலை. அது உன் கவனிப்பு இல்லாமயே காய்ஞ்சு செத்துச்சு. குடுத்து வச்சது.

அழுறியா? இதுக்கே அழுதா எப்படி. இன்னும் நான் விஷயத்துக்கே வரலை.

தெரியாமப் பண்ணினேன்னு சொல்றே. தெரியாமப் பண்ணினதைப் பத்தி எனக்குக் கோவமே இல்லை. நானும் ஆரம்பத்துல எத்தனை ரோஜாவைச் சாகடிச்சிருக்கேன். செடி வைக்கிறவ கைக்குச் சாவு புதுசு இல்லை. செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சனியனே, போய்த் தொலையட்டும்னு ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். நீதான் சொல்லலையே.

ஃபோன் பண்ணினா என்ன சொன்னே? எல்லாம் சூப்பர் அண்ணி. செடி எப்படி இருக்கு, சூப்பர் அண்ணி. அம்மா எப்படி இருக்காங்க, சூப்பர் அண்ணி. குடுடி பேசுறேன்னா இப்பதான் தூங்கினாங்க. அடுத்த தடவை குளிச்சிட்டிருக்காங்க. அடுத்த தடவை சாப்பிட்டுட்டு அசந்து படுத்திருக்காங்க. அங்க என் பொண்ணு வலியில கத்திக்கிட்டிருக்கா, நான் ஒரு கையில அவளைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையில ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ சூப்பர்னு சொன்னா சரி சூப்பர்தான்னு வச்சிடுவேன். வேற எதையும் யோசிக்க எனக்கு மூளை ஓடலை.

நியாயமாப் பாத்தா எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். ஏன்னா நீயும் அம்மாவும் ஒரே கூரையில சண்டை இல்லாம இருந்ததா சரித்திரமே இல்லையே. கல்யாணமான முதல் வருஷமே அம்மா ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தாங்க. என்ன சண்டைன்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்லை. பாத்திரம் கழுவினதுல அழுக்குன்னு ஆரம்பிச்சதுன்னு தம்பி சொன்னான். ரெண்டு நாள்ல போயிடுவேன்னு வந்தவங்க கடைசி வரைக்கும் இங்கதான் இருந்தாங்க. நான்தான் குளிக்க வச்சேன், நான்தான் தலை வாரினேன், மாத்திரையை நான்தான் உடைச்சுப் பாதி பாதியாக் குடுத்தேன். நீ வருவே, அரை மணி உக்காருவே, நல்லா இருக்கீங்களா அத்தைன்னு கேப்பே, அவங்க இருக்கேன்பாங்க, கிளம்பிடுவே. அவ்வளவுதான் உங்க உறவு.

அதனால நான் என்ன கணக்குப் போட்டேன்னா, நான் போன மூணாம் நாளே அம்மா ஃபோன்ல என்கிட்ட உன்னைக் கரிச்சுக் கொட்டுவாங்க. இவ சமையல் வாயில வைக்க முடியலை, டிவியை அலற விடுறான்னு ஏதாவது வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். வரவே இல்லை. ஒரு புகார்கூட இல்லை. அடடா, மாமியாரும் மருமகளும் ராசியாயிட்டாங்க போலன்னு இவர்கிட்ட சொல்லிச் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அப்புறம்தானே அந்த ஃபோன் வந்துச்சு. அண்ணி, எலுமிச்சை காய்ச்சிருக்குன்னே. நான் நம்பலை. ஃபோட்டோ அனுப்பினே. பச்சைப் பச்சையா மூணு காய். என் சம்பந்தியம்மாகிட்டக் காட்டினேன். ஆஸ்பத்திரியில பேரக்குழந்தைக்கு ஊசி போட வந்த நர்ஸுகிட்டக் காட்டினேன். அந்தப் பொண்ணுக்கு என் பாஷையே தெரியாது, என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போச்சு. அன்னிக்கு மட்டும் அம்மாகிட்டக் குடுத்தே. ஆமாம் பெரியவளே, காய்ச்சுடுச்சு, நாம திட்டினது வீண் போகலை, நீ பொறுமையா வா, அவசரம் ஒண்ணும் இல்லைன்னாங்க. குரல் என்னமோ கம்மியிருந்துச்சு. என்னம்மா சளியான்னு கேட்டேன். பின்னாலேருந்து நீ, ஃபேன் சத்தம் அண்ணின்னே.

அதுக்கு அடுத்த வாரம் விடிகாலையில தம்பி கூப்பிட்டான். அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க அக்கா, ஒரு கஷ்டமும் படலைன்னான்.

ஃப்ளைட்டுல வந்தது, இறங்கினது, படி ஏறினது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. வீடு பூரா ஆளுங்க. ஒவ்வொருத்தரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கொடுத்து வச்ச சாவு, ஒரு நாள் படுக்கலைன்னு சொல்றாங்க. எனக்கு அழுகையே வரலை. மூச்சு முட்டுதுன்னு பால்கனிக்குப் போனேன். அங்க அது காயோட நின்னுக்கிட்டிருந்துச்சு. கையை நீட்டி இலையைத் தொட்டேன். கை கிழியலை. முள்ளே இல்லை. மழமழன்னு ஒரு செடி. இது அது இல்லைன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. உள்ள அம்மாவைப் படுக்க வச்சிருக்கு, நான் பால்கனியில நின்னு செடிக்கு முள்ளைத் தேடிக்கிட்டிருக்கேன். எனக்கே என்னை நினைச்சாப் பயமா இருந்துச்சு.

எல்லாரும் போனப்புறம் ஒரு நாள் தொட்டியைச் சாய்ச்சுப் பாத்தேன். நர்சரி கருப்புப் பையைக்கூடப் பிரிக்கலை நீ. பையோட அப்படியே உள்ள இறக்கி, மேல மட்டும் என் தொட்டி மண்ணைத் தூவி மூடியிருக்கே. ஒட்டுக் கட்டின இடத்துல நாடா அப்படியே இருக்கு. ஒட்டுச் செடி சீக்கிரம் காய்க்கும், தெரியும். உன்கிட்டக் கேட்டப்ப அழுதே. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் அண்ணி வாங்கி வச்சேன்னே. அன்னிக்குத்தான் நான் உன்னை வெளிய போன்னு சொன்னது. செடிக்காகன்னு எல்லாரும் நினைச்சாங்க. நினைச்சுக்கட்டும்னு விட்டேன்.

நீயும் அப்படித்தான் நினைச்சே, இல்லை? அதனாலதான் இன்னொரு எலுமிச்சையை வாங்கிட்டு வந்து நிக்கிறே.

எனக்கு அப்பத் தோணினது வேற. ஒரு செடி செத்ததைக் காயும் கிளையுமா வேற ஒண்ணை வச்சு மறைச்சவ, ஃபோன்ல இன்னும் எதை எதையெல்லாம் மறைச்சிருப்பான்னு தோணிச்சு. தூங்குறாங்க, குளிக்கிறாங்க, சாப்பிடுறாங்க. அது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து வச்சு யோசிச்சேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன்னு சொல்ல மாட்டேன், பகல்லயும் அதே வேலைதான். தம்பிகிட்டக் கேட்டேன், அவனுக்கு ஒண்ணும் தெரியலை. அவன் ஊருக்கு வந்ததே அம்மா போறதுக்கு முந்தின நாள்தானாமே. அவனையும் நீ சூப்பர்னு சொல்லியே ஓட்டியிருக்கே.

போன வாரம் நர்சரிக்குப் போனேன். உன்னை விசாரிக்கப் போகலை, நிஜமாவே தேங்காய்நார்க் கழிவு வாங்கத்தான் போனேன். தொட்டி மண்ணு இறுகிக் கிடந்துச்சு, கலக்க வேணும். அந்த ஆள் சும்மா இருக்க மாட்டான், வர்றவங்க கிட்டயெல்லாம் வாயைக் கொடுப்பான். என்ன மேடம், எலுமிச்சை எப்படியிருக்கு, பாட்டி எப்படி இருக்காங்கன்னான். எந்தப் பாட்டின்னேன். டாக்ஸியில உக்காந்துக்கிட்டே உங்களுக்குன்னு சொல்லிச் செடி வாங்கினாங்களே, உங்க வீட்டுப் பாட்டிதானேன்னான்.

இப்ப ஏன் தரையைப் பாக்குறே?

செடியை ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போய் வண்டி ஜன்னல்கிட்டக் காட்டினானாம். இது சின்னது, இது வாடியிருக்கு, காய் இருக்கிறதாக் கொண்டான்னு அம்மா திருப்பித் திருப்பி அனுப்பினாங்களாம். புறங்கையில பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சாம். மூச்சு வாங்குச்சாம். வண்டியில ஆஸ்பத்திரி பேர் போட்ட பை இருந்துச்சாம். என் பெரியவ வந்து பாப்பா, அவளுக்குச் சின்னதா இருந்தாப் பிடிக்காதுன்னாங்களாம். நீ அவங்க முதுகைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தியாம். அந்த ஆளு இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்றான், நல்ல பாட்டி மேடம், பேரம்கூடப் பேசலைன்னு.

ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வர்ற வழியில அம்மாவும் நீயும் சேர்ந்து எனக்குச் செடி வாங்கியிருக்கீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து. பாத்திரம் கழுவினதுக்குச் சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்கினவங்களும் நீயும்.

சொல்லு இப்ப. யாரு சொல்ல வேணாம்னது? உரக்கச் சொல்லு, கேக்கலை. அத்தைதான் சத்தியம் வாங்கினாங்களா.

தெரியும். டாக்டரும் அதையேதான் சொன்னார். நர்சரியிலேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன், வாங்கின மூட்டையை அந்த ஆள் கடையிலயே விட்டுட்டு. இதயம் ஓஞ்சு போச்சு, பெட்டுல சேர்த்தாலும் பெருசாப் பிரயோஜனம் இல்லைன்னு அம்மாகிட்டயே சொல்லிட்டாராம், அவங்கதான் ஒளிக்காமச் சொல்லுங்கன்னு கேட்டாங்களாம். மகளை வரச் சொல்லலாமேன்னு டாக்டரே சொன்னாராம். வேணாம், அவ அங்க இருக்கட்டும், மருமக இருக்கா, போதும்னாங்களாம். மருமக இருக்கா, போதும். டாக்டர் அதை ரொம்ப சாதாரணமாத்தான் சொன்னார்.

பேத்திக்குப் பிரசவ நேரம், அதனாலதான் கூப்பிடலைன்னு சொல்றே. அதெல்லாம் எனக்குத் தோணாமலா இருந்திருக்கும். நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கிட்டேன். ஆனா பிள்ளை பிறந்தப்புறமும் அம்மா ஒரு வாரத்துக்கு மேல இருந்தாங்களே. அந்த ஒரு வாரத்துல ஒரு வார்த்தை வான்னு சொல்லியிருந்தா நான் பறந்து வந்திருக்க மாட்டேனா? பொறுமையா வா, அவசரம் இல்லைன்னுதானே சொன்னாங்க.

நான் கேக்கணும்னு சொன்னது இதுதான். அந்தக் கடைசி நாட்கள்ல, ஒரு தடவையாவது, பெரியவ எப்ப வருவான்னு அம்மா உன்கிட்டக் கேட்டாங்களா?

நிம்மதியா இருந்தாங்கன்னு சொல்றே. நான் அதைக் கேக்கலை.

உன்கிட்ட நிறையப் பேசினாங்களா. பழசையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாங்களா. நீயும் கேட்டியா. நல்லது. தலைமாட்டுல உக்காந்து நீ பாடினியா. உனக்குப் பாடத் தெரியும்னே எனக்குத் தெரியாது. அதையும் நான் கேக்கலை. என்னைக் கேட்டாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

தலையை மட்டும் ஆட்டுறே, இல்லைன்னு.

ம்.

எத்தனையோ வருஷம் நான் பாத்துக்கிட்டேன். கடைசியில கொஞ்ச நாள் நீ பாத்துக்கிட்டே. அந்தக் கொஞ்ச நாளே அவங்களுக்குப் போதுமா இருந்திருக்கு. என்னைப் பாத்தாங்கன்னா சாகப் பயமா இருக்கும்னு நினைச்சாங்களோ, இல்லை நான் கத்தி ஊரைக் கூட்டி ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேன்னு நினைச்சாங்களோ. நான் சேர்த்திருப்பேன். சத்தியமாச் சேர்த்திருப்பேன். யாருக்குத் தெரியும். இனிமே யாரைக் கேக்குறது.

கண்ணைத் துடை. நான் ஒண்ணு சொல்றேன், அதைத் திருப்பிச் சொல்லு. அம்மா கேட்டாங்கன்னு சொல்லு. தினம் கேட்டாங்க, பெரியவளை வரச் சொல்லு, அவளைப் பாக்கணும்னு அழுதாங்க, நான்தான் உங்களுக்குச் சொல்லாம மறைச்சிட்டேன் அண்ணின்னு சொல்லு. சொன்னா உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ரெண்டு நாள் நல்லா அழுவேன். அப்புறம் உன் வீட்டுக்கு வந்து என் தம்பிக்கு நானே சோறு போடுவேன். அத்தனை நாள் ஃபோன்ல கொஞ்சம்கூடத் தடுமாறாமச் சொன்னியே, இது ஒண்ணு சொல்ல வாய் வரலையா உனக்கு? என் முகத்தைப் பாத்துச் சொல்லு.